இடது பக்கத்து நட்டு

நட்டு என்பது கழற்றுவதற்கென்றே செய்த பொருள். கழற்ற வேண்டாம் என்றால் வெல்டு வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். இருபத்தாறு வருஷம் லேத்துப் பட்டறையில் நின்றவன் நான். அப்படித்தான் நம்பியிருந்தேன்.

வீடு திருமுல்லைவாயிலில். கீழே நானும் பெண்டாட்டியும். மாடியை வாடகைக்கு விட்டிருக்கிறோம். மாடிப்படிக்கு அடியில் ஒரு பொந்து. அதில் ஒன்பது வருஷமாக ஒரு சாணை மிஷின் கோணி போர்த்திக்கொண்டு கிடந்தது. நடுவில் மோட்டார், இரண்டு பக்கமும் கல். மேஜை மேல் முடுக்கி வைத்து உளி, டிரில் பிட்டு, லேத்து டூல் எல்லாம் தீட்டுவது. பட்டறையில் அதற்குக் கிரைண்டர் என்று பெயர். தெருவில் அப்படிச் சொல்லக் கூடாது. கோணியை எடுத்த அன்று கிரைண்டர் ரிப்பேர் பண்ணப் போகிறேன் என்று வாசலில் ஒருத்தரிடம் சொன்னேன். சாயங்காலம் எதிர்வீட்டம்மா மாவு கிரைண்டரின் குழவியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். அதையும் சரி பண்ணிக் கொடுத்தேன். அன்றைக்கு நான் உருப்படியாகச் செய்த வேலை அது ஒன்றுதான்.

மிஷின் அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்த்த பட்டறையுடையது. அங்கே இருந்த எல்லாரையும் விட வயசு கூட. பட்டறையை மூடினபோது முதலாளி ஆளுக்கு ஒரு சாமான் எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஒருத்தன் இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸில் நல்லதாகப் பார்த்துத் தூக்கினான். டிரில்லிங் மிஷினுக்கு இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். நான் யார் சட்டையையும் பிடிக்கவில்லை. சட்டையைப் பிடிக்காதவனுக்கு மிச்சம் கிடைத்தது இது.

பெண்டாட்டிக்கு முட்டி போய்விட்டது. கக்கூஸ் வீட்டுக்குப் பின்னால், மூன்று படி இறங்கி. மழை நாளில் அவள் அந்தப் படியில் இறங்குவதைப் பார்த்தால் நமக்கு முட்டி வலிக்கும். அதனால் மாடிப்படிக்கு அடியில் இருக்கிற பொந்தைக் கக்கூஸாக மாற்ற ஏற்பாடு. அடுத்த புதன்கிழமை நாள் நன்றாக இருக்கிறதாம். கொத்தனார் அன்றைக்கு வருகிறார். வியாழக்கிழமை காலையில் காபி டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு அவள் சொன்னாள்.

"ந்தா பாருயா. ஓடுச்சுனா எங்கினா ஓரமா கெடக்கட்டும். ஓடலைனா புதன்கெயம காயலான் கடைக்காரன் வந்து எட்த்துனு பூடுவான். போன் போட்டு சொல்லிட்டேன்."

எனக்கு ஆறு நாள் இருந்தது. மிஷின் எனக்கு வேண்டும். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அந்த வீட்டில் என்னுடையது என்று கை நீட்டிக் காட்ட அது ஒன்றுதான் இருந்தது. மீதியெல்லாம் அவளுடையது, இல்லை கேஸ் கம்பெனியுடையது.

மிஷினை வெளியே இழுத்து ஒரு மேஜை மேல் முடுக்கினேன். கையால் கல்லைச் சுற்றிப் பார்த்தேன். கால் சுற்று வந்தது. அப்புறம் முனகியது. பேரிங் பிடித்துவிட்டது. பேரிங் மாற்ற வேண்டுமானால் நடுத்தண்டு வெளியே வர வேண்டும். தண்டு வர வேண்டுமானால் கல் வர வேண்டும். கல் வர வேண்டுமானால் தண்டின் இரண்டு முனையிலும் இருக்கிற நட்டு கழல வேண்டும். ஆக மொத்தம் இரண்டே நட்டு. வியாழக்கிழமை மத்தியானத்துக்குள் முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

சாணை மிஷினில் ஒரு சங்கதி உண்டு. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வலது பக்கத்து நட்டு, ஊரில் இருக்கிற எல்லா நட்டையும் போல. இடமாகத் திருப்பினால் கழலும். இடது பக்கத்து நட்டுக்கு மரை எதிர்ப்பக்கமாக வெட்டியிருக்கும். வலமாகத் திருப்பினால்தான் கழலும். ஓடுகிற வேகத்தில் நட்டு தானாக இறுக வேண்டும் என்பதற்காக அப்படி. இது தெரியாமல் திருப்புகிறவனைப் பட்டறையில் நாள் முழுக்கக் கிண்டல் அடிப்போம். நான் நிறைய பேரை அடித்திருக்கிறேன்.

ஆகையால் தெரிந்தவன் மாதிரி ஆரம்பித்தேன். கல்லுக்கும் அடிக்கட்டைக்கும் நடுவே ஒரு புளியங்கட்டையைச் செருகினேன். இடது நட்டில் ஸ்பானர் போட்டு வலமாகத் தள்ளினேன். அசையவில்லை. வலது நட்டை இடமாகத் தள்ளினேன். அதுவும் அசையவில்லை. துரு என்றேன். யாரிடமும் சொல்லவில்லை, எனக்கே சொல்லிக்கொண்டேன். டீசல் ஊற்றி விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மச்சான் வந்தான். பெண்டாட்டியின் தம்பி. பட்டாபிராமில் இருக்கிறான். ஆவடியில் அரசாங்கத் தொழிற்சாலையில் பீரங்கி வண்டிக்கு வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன். ஐடிஐ படித்தவன். சர்டிபிகேட் பிரேம் போட்டு அவன் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது, மாமனார் போட்டோவுக்குப் பக்கத்தில். மாமனார் கொஞ்சம் சாய்ந்திருப்பார், சர்டிபிகேட் நேராக இருக்கும். நான் படித்தது ஏழாவது வரைக்கும். இதை அவன் என்னிடம் சொல்லிக் காட்டியதே இல்லை. ஒவ்வொரு தடவையும் சொல்லிக் காட்டாமல்தான் பேசுவான்.

"இன்னா மாமா, ஒரு நட்டு. நாங்கல்லாம் டேங்கியவே கயட்டி மாட்டினவங்க."

கயட்டு என்றேன். இடது பக்கம் ரிவர்ஸ் மரை, தெரியும் இல்லையா என்று கேட்டான். தெரியும் என்றேன். தெரிந்துதான் தள்ளினாயா என்றான். தெரிந்துதான் என்றேன். அவனும் அதே பக்கம் தள்ளினான். ஸ்பானருக்கு ஒரு நாலடிப் பைப்பை மாட்டிக்கொண்டு தொங்கினான். மேஜை நகர்ந்தது. நட்டு நகரவில்லை. வேர்வையைத் துடைத்துக்கொண்டு மிஷினைச் சுற்றி வந்தான். ஒரு முடிவுக்கு வந்தான்.

"எவனோ ஒரு பேமானி மாட்டிக்கீறான் மாமா. வேல தெர்யாத பேமானி. மரையில கிரீஸ் தொட்டு மாட்டணும்னுகூட தெர்ல."

ஆமாம் என்றேன். நானும் என் பங்குக்கு இரண்டு வார்த்தை சேர்த்தேன். அந்த ஆளை மனசாரத் திட்டினோம். நட்டோடு மல்லுக்கு நின்ற நேரத்தைவிட அதற்குத்தான் நேரம் அதிகம் ஆனது. ஆனால் அதில் களைப்பு இல்லை.

சனிக்கிழமை மாடிக்காரர் இறங்கி வந்தார். கோயம்புத்தூர்ப் பக்கம். முப்பத்தைந்து வயசு, கம்ப்யூட்டர் வேலை. சனி ஞாயிறுதான் அவர் முகம் வெளிச்சத்தில் தெரியும். பழைய மிஷினைப் புதுசாக்குகிற வீடியோவெல்லாம் நிறையப் பார்ப்பாராம். அதில் துரு பிடித்த நட்டு பத்து விநாடியில் கழன்று விடுமாம். பாட்டும் போடுவார்களாம். நம்மிடம் பாட்டு இல்லை, அதுதான் குறை என்றேன். போனில் தேடிப் பார்த்துவிட்டு, "லெஃப்ட் சைடு ரிவர்ஸுங்க அங்கிள், போட்டிருக்குதுங்க" என்றார் மரியாதையாக. ஆக மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது. ஏழாங்கிளாஸ், ஐடிஐ, இன்ஜினியரிங். மூன்று படிப்பும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போய் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

துருவுக்குக் கூல்டிரிங்க் நல்லது என்று வீடியோவில் சொல்கிறார்களாம். அவரே ஒரு பாட்டில் வாங்கி வந்து இரண்டு நட்டிலும் ஊற்றினார். மிச்சத்தைக் குடித்தார். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன். நட்டு கழலவில்லை. எறும்பு வந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் புளோ லாம்ப்போடு வந்தான். நட்டுக்குக் கொஞ்சம் சூடு காட்டினோம். மேல் பூச்சு பெயிண்ட் புகைந்து தெருவே நாறியது. எதிர்வீட்டம்மா ஜன்னலைச் சாத்தினார். சூட்டோடு சூடாக மச்சான் பைப்பில் தொங்க, நான் மேஜையைப் பிடித்துக்கொள்ள, இடது பக்கத்தில் டப் என்று ஒரு சத்தம். கழன்று விட்டது என்று நினைத்தோம். கல் இரண்டாகப் பிளந்திருந்தது. நட்டு அப்படியே இருந்தது. கல்லுக்குப் பக்கவாட்டில் இருக்கிற தட்டை வாஷர் முன்னைவிட உள்ளே போனது போல எனக்குப் பட்டது. மச்சானிடம் சொன்னேன். கண்ணுக்கு அப்படித் தெரியும் மாமா, வயசாகுது என்றான்.

சத்தம் கேட்டுப் பெண்டாட்டி வந்து எட்டிப் பார்த்தாள். உடைந்த கல்லைப் பார்த்தாள். எங்களைப் பார்த்தாள்.

"அக்கா, நட்டு ரொம்ப டைட்டா கீது," என்றான் மச்சான்.

"நட்டு டைட்டாதான் கீது. ஒங்க ரெண்டு பேருக்குந்தான் மரை கயண்டு கீது," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். குக்கரை வைத்துவிட்டு வந்திருந்தாள் போல.

இன்னொரு விஷயத்தையும் இங்கே சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுப் பாத்திரத்தில் பெயர் கிடையாது. பாத்திரக்கடையில் மிஷின் வைத்துப் பெயர் வெட்டிக் கொடுப்பார்கள், எல்லார் வீட்டிலும் அப்படித்தான். என் கையில் இரும்பில் புள்ளி குத்துகிற பன்ச் இருக்கும்போது கடைக்காரன் எதற்கு என்று கல்யாணமான புதிதில் நானே உட்கார்ந்து குறி போட்டேன். எழுத்து அடிக்க வராது. அதனால் மூன்று குத்து, அடுப்புக்கல் மாதிரி மூன்று பக்கம். என் பன்ச்சின் முனை ஒரு பக்கம் உடைந்தது. குத்தினால் புள்ளி விழாது, பிறை விழும். தட்டு, சொம்பு, குண்டான் எல்லாவற்றிலும் மூன்று பிறை. விசேஷ வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய எங்கள் பாத்திரம் ஒன்றுகூடத் தொலைந்ததில்லை. இப்படிக் கோணலாகக் குத்தியதை யார் தங்களுடையது என்று சொல்வார்கள்.

திங்கட்கிழமை மச்சானுக்கு பேங்க்கில் வேலை, சாயங்காலம்தான் வருவான். மாடிக்காரர் அவர் வேலைக்குள் போய்விட்டார். நான் தனியாக உட்கார்ந்தேன். செய்ய ஒன்றும் இல்லை. சும்மா இருக்க வராததால் பிளேடை எடுத்து இடது நட்டின் மேலிருந்த பெயிண்டைச் சுரண்டினேன்.

எங்கள் பட்டறையில் ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை மிஷினுக்கெல்லாம் பெயிண்ட் அடிப்போம். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைப்பதைவிட அதன்மேல் பெயிண்ட் அடிப்பது சுலபம். முதலாளிக்கும் பார்க்கக் குளிர்ச்சியாக இருக்கும். எது நட்டு, எது ஸ்குரு, எது பெயர்ப்பலகை என்று பார்க்கிற வழக்கம் இல்லை. அசையாமல் நின்றால் ஆளுக்கே அடித்திருப்போம். அப்புறம் அதன்மேல் சந்தனம், குங்குமம். அடுத்த வருஷம் அந்தச் சந்தனத்தோடு சேர்த்து இன்னொரு பூச்சு. சுரண்டச் சுரண்டப் பச்சை வந்தது. அதற்குக் கீழே சாம்பல். அதற்குக் கீழே நீலம், மறுபடி பச்சை. நடுநடுவே காய்ந்த சந்தனம், அரிசி அரிசியாகக் குங்குமம். முதலாளியின் பக்தி அரை அங்குலம் இருந்தது.

எல்லாவற்றுக்கும் அடியில், நட்டும் மரையும் சேருகிற இடத்தில், மூன்று பிறை இருந்தது.

கொஞ்ச நேரம் பிளேடைக் கீழே வைத்துவிட்டேன்.

மோட்டார் புகைந்து போன ஒரு வருஷம் ஞாபகம் வந்தது. மிஷினைக் கழற்றி, பக்கத்து ஊர் பாடியில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவனிடம் கொடுத்து, திரும்பி வந்தபோது மறுநாள் ஆயுத பூஜை. மிஷினெல்லாம் வரிசையாக நிற்க வேண்டும், ஐயர் வந்துவிடுவார் என்றார் முதலாளி. அரை மணி நேரத்தில் மாட்டினேன். ஒரு நட்டு ஏறவில்லை, அடுத்த பக்கத்து நட்டு ஏறியது. ஏறியதைப் போட்டேன். ஏன் ஏறியது என்று கேட்க நேரம் இல்லை. பெயிண்ட் காய்வதற்குள் குங்குமம் வைத்தார்கள்.

விடுமுறை முடிந்து ஓட்டினால் நட்டு தளர்ந்தது. முடுக்கினேன். மறுபடியும் தளர்ந்தது. மட்டமான நட்டு என்றேன். முதலாளி கஞ்சம் என்றேன். இனிமேல் எப்படித் தளர்கிறாய் பார்க்கிறேன் என்று மரையிலேயே பன்ச்சை வைத்து மூன்று குத்துக் குத்தி அடைத்துவிட்டேன். வலது பக்கத்திலும் அதே மரியாதை. அதற்கு மேல் பெயிண்ட். அப்புறம் பட்டறை மூடுகிற வரைக்கும் தளரவில்லை. அதற்காக என்னைப் பற்றி நல்லதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஓர் ஊசியை எடுத்து வந்து தண்டின் நுனியில் மரையைத் தோண்டிச் சுத்தம் பண்ணிப் பார்த்தேன். இடது பக்கத்தில் இருந்தது சாதா மரை. வலது பக்கத்தில் எதிர் மரை. தண்டையே பக்கம் மாற்றி மாட்டியிருந்தேன். இரண்டு முனைக்கும் ஒரே அளவு பேரிங், எப்படிப் போட்டாலும் உட்காரும். உட்கார்ந்துவிட்டது. அதனால்தான் ஓட ஓடத் தளர்ந்திருக்கிறது. இப்போது நானும் மச்சானும் நாலு நாளாக, பைப் மாட்டி, சூடு காட்டி, ரிட்டயர் ஆன வயசில் மூச்சு வாங்க, இரண்டு நட்டையும் இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறோம். கல் உடைந்ததில் அதிசயம் இல்லை. அது நாலு நாள் தாங்கினதுதான் அதிசயம்.

லேத்தில் ஆயிரக்கணக்கில் மரை வெட்டியவன் நான். மரை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்க ஒரு நிமிஷம் போதும். முதல் நாளே பார்த்திருக்கலாம். தெரியாதவன் பார்த்திருப்பான். தெரிந்தவன் எதற்குப் பார்க்க வேண்டும்.

முக்கோண அரத்தால் பிறைகளை ஓரம் ராவினேன். குத்தின தடம் போகவில்லை, மரையை அடைத்திருந்த பிசிறு மட்டும் போனது. டீசல் விட்டேன். ஸ்பானர், பைப். இந்தத் தடவை இடமாக. நாலு நாள் இறுக்கினது சும்மா போகுமா, அதுவும் பாக்கியில்லாமல் திருப்பிக் கொடுத்தது. மூன்றாவது தள்ளலில் டிக் என்றது. அப்புறம் விரலாலேயே சுற்றினேன். வலது பக்கமும் அரை மணியில் வந்தது. இரண்டு நட்டையும் ஒரு எவர்சில்வர் தட்டில் போட்டு மேஜை மேல் வைத்தேன்.

சாயங்காலம் மச்சான் வந்தான். ஆறடிப் பைப் ஒன்றைப் பட்டாபிராமிலிருந்து டிவிஎஸ் வண்டியில் கட்டிக்கொண்டு வந்திருந்தான். தட்டைப் பார்த்தான். பைப்பைச் சுவரில் சாய்த்தான்.

"பாத்தியா மாமா. நேத்து நா லூஸ் பண்ணி வுட்டுட்டுப் போனேன். நீ சொம்மா கயட்டிக்கீற."

இல்லை என்று சொல்லலாம். சொன்னால் எப்படிக் கழன்றது என்று கேட்பான். எந்தப் பக்கம் திருப்பினாய் என்பான். ஏன் அந்தப் பக்கம் என்பான். கடைசியில் யார் மாட்டினது என்ற இடத்துக்கு வந்து நிற்பான். தூரம் அதிகமில்லை.

"ஆமா மச்சான்," என்றேன்.

அவனுக்குக் குஷி வந்துவிட்டது. அக்காவைக் கூப்பிட்டான். சூடு காட்டி இழுத்தால் எப்பேர்ப்பட்ட நட்டும் இளகிவிடும் என்று விளக்கினான். டேங்கியில் அவன் கழற்றிய நட்டு ஒன்றின் வரலாற்றைச் சொன்னான். பெண்டாட்டி தட்டைக் கையில் எடுத்தாள். தட்டை எங்கே கொண்டுவந்து டீசல் ஆக்கியிருக்கிறேன் என்று பார்க்கத்தான் எடுத்தாள். நட்டைப் பார்த்தாள். தட்டின் விளிம்பைப் பார்த்தாள். மறுபடி நட்டைப் பார்த்தாள். விளிம்பில் மூன்று பிறை. நட்டில் மூன்று பிறை. முப்பத்திரண்டு வருஷமாக அந்தப் பிறையைத்தான் தேய்த்துக் கழுவுகிறாள்.

நான் துணியால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கை ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"வேல தெர்யாத பேமானிக்கா அவன்," என்றான் மச்சான். "கைல மாட்டுனா கீது அவனுக்கு."

"வுட்ரா. பாவம், எந்த ஊட்டு ஆம்பளையோ," என்றாள்.

நட்டை மேஜையில் கொட்டிவிட்டுத் தட்டைக் கழுவ எடுத்துக்கொண்டு போனாள். போகும்போது என் பக்கம் திரும்பவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை பேரிங்கும் கல்லும் வாங்கி வந்தேன். தண்டை வெளியே எடுத்தேன். இந்தத் தடவை சரியான பக்கம் போட்டேன். போடுவதற்கு முன்னால் மூன்று தடவை பார்த்தேன். பெயிண்ட் அடிக்கவில்லை. மச்சான் சுவிட்சைப் போட்டான், அது அவன் மிஷின் ஆகிவிட்டதால். முதலில் உறுமியது. அப்புறம் சத்தமே இல்லாமல் ஓடியது. மாடிக்காரர் மேலேயிருந்து போனில் வீடியோ எடுத்தார். இப்போது பாட்டு போட்டுக்கொள்வார்.

புதன்கிழமை கொத்தனார் வந்தார். அவர் உளி மொக்கையாக இருந்தது. தீட்டிக் கொடுத்தேன். அந்த உளியால்தான் என் பொந்தை உடைத்தார். காயலான் கடைக்காரன் வாசலில் வந்து நின்று மணி அடித்தான். பெண்டாட்டி உடைந்த கல்லையும் பழைய பேரிங்கையும் போட்டு அனுப்பினாள். மிஷினுக்குத் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தாள். மேலே ஒரு தகரம் போட்டுக்கொள்ளச் சொன்னாள்.

மச்சான் இன்னும் விடவில்லை. பூந்தமல்லியில் ஒரு கல்யாணத்தில் பந்தி முடிகிற வரைக்கும் அந்த நட்டின் கதையைச் சொன்னான். முதல் சொல்லலில் இரண்டு நாள் மல்லுக்கட்டு. பந்தியில் அது ஒரு வாரம் ஆகியிருந்தது. ஒவ்வொரு தடவையும் அந்தப் பேமானியிடம் வந்து முடிப்பான். நான் தலையாட்டுவேன். பெண்டாட்டி இலையில் பாயசத்தை வழித்துக்கொண்டிருப்பாள், தலையைத் தூக்க மாட்டாள்.

கக்கூஸ் முடிந்த அன்று அவள் புதுசாக ஒரு எவர்சில்வர் சொம்பு வாங்கி வந்தாள். உள்ளே வைக்க. என் முன்னால் வைத்தாள்.

"பன்ச்ச எட்த்துனு வாயா. குத்து. எந்தப் பக்கம்னு என்னக் கேட்டுனு குத்து."

கேட்டுத்தான் குத்தினேன்.